கீசரைக் கழற்றும் முன்: வாசகர் கேள்வி – பதில்

மார்கழிக் குளிர் தொட்டதும் கீசர் பற்றிய கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. இந்த வாரம் பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

கே: கீசருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். புதிது வாங்கிவிட வேண்டியதுதானா? – தாம்பரம் வாசகி

ப: முதலில் எம்சிபியை இறக்குங்கள். பாத்ரூம் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கடைக்குப் போவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

அடிப்பக்கம் முழுவதையும் துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வையுங்கள். அரை மணி கழித்து எந்தக் காகிதம் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். ஹோஸின் முனை நனைந்திருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. சொற்பச் செலவில் முடியும். சேஃப்டி வால்வின் வாய் நனைந்திருந்தால் அது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். அடுத்த பதிலைப் படியுங்கள். அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடிக்குள்ளிருந்து வந்தால் எலிமென்ட்டோடு சேர்ந்த கேஸ்கெட் போயிருக்கக்கூடும். கேஸ்கெட்டை மாற்றலாம், ஆனால் அந்த மூடிக்குள் மின் இணைப்புகள் இருப்பதால் மெக்கானிக்தான் திறக்க வேண்டும். இணைப்புகள் எல்லாம் காய்ந்திருக்க, வெளித்தகட்டின் விளிம்பிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் இறங்கினால் உள்தொட்டி ஓட்டை. அப்போதுதான் புதிது வாங்க வேண்டும்.

கே: ஹீட்டர் சூடாகும்போது மட்டும் சேஃப்டி வால்வில் சொட்டுகிறது. "ஒரு எண்ட் கேப் போட்டு அடைச்சிடலாம் சார்" என்கிறார் பிளம்பர். அடைக்கலாமா? – அம்பத்தூர் வாசகர்

ப: அடைக்கவே கூடாது. அடைத்துவிட்டீர்கள் என்றால் இதைப் படித்த கையோடு எடுத்துவிடுங்கள், அதுவரை கீசரைப் போடாதீர்கள்.

சூடானால் தண்ணீர் விரியும். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ 350 மில்லி கூடிவிடும். வந்த வழியே திரும்பிப் போக முடியாதபடி நான்-ரிட்டர்ன் வால்வ் தடுக்கிறது, குழாயும் மூடியிருக்கிறது. மிச்சம் இருக்கும் ஒரே வாசல் சேஃப்டி வால்வ். ஆக, சூடாகும் நேரத்தில் அது சொட்டுவது அதன் வேலை. ஒரு மெல்லிய குழாயை அதன் வாயில் மாட்டித் தரை ஜாலி வரை இறக்கிவிடுங்கள், தொந்தரவு தீர்ந்தது.

அடைத்தால் என்ன ஆகும்? தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, அதற்குத் துணையாக வைத்த கட்-அவுட்டும் வேலை செய்யாத ஒரு நாள் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டும், அழுத்தத்தில் இருப்பதால் கொதிக்காது. தொட்டி எங்காவது கிழிந்த அந்தக் கணத்தில் அதன் ஒரு பகுதி மொத்தமாக நீராவியாகும். சுவரைத் தள்ளக்கூடிய வெடிப்பு அது. குழந்தைகள் குளிக்கும் அறையில் இந்த ஆபத்தை ஒரு சொட்டுக்காக வரவழைக்காதீர்கள்.

கீசர் அணைந்திருக்கும்போதும் நாள் முழுக்க ஒழுகினால் கதை வேறு. ஒன்று, வால்வுக்குள் உப்பு படிந்து சரியாக மூடவில்லை, வால்வை மாற்றுங்கள். இல்லையென்றால், தண்ணீரின் அழுத்தம் அதிகம். மொட்டைமாடித் தொட்டி பத்து மீட்டர் மேலே இருந்தால் ஒரு பார் அழுத்தம் வரும். அதோடு பிரஷர் பம்ப்பும் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கீசரின் பக்கத் தகட்டில் அது எத்தனை பார் தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கே: ஓட்டையில் எம்-சீல் வைத்தால் நிற்குமா? – கரூர் வாசகர்

ப: நிற்காது. எம்-சீல் ஒட்டுவது சட்டையில், காயம் உடம்பில். வெளித்தகட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே நுரை நிரப்பியிருக்கிறார்கள். வெளியே அடைத்தால் அந்த நுரை தண்ணீரைக் குடித்துக்கொண்டே போய், கடைசியில் மின் இணைப்பு இருக்கும் இடத்தை எட்டும்.

கே: நாங்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒரே மாதிரி கீசரை ஒரே மாதத்தில் வாங்கினோம். அவர்களுடையது ஓடுகிறது, எங்களுடையதில் தொட்டியே ஓட்டை. ஏன்? – கோவை வாசகி

ப: அவர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர், உங்களுக்குப் போர் தண்ணீரா? அப்படியானால் விடை அதிலேயே இருக்கிறது.

எனாமல் பூசிய தொட்டிக்குள் விரல் பருமனில் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். ஆனோடு என்பார்கள். தொட்டியின் எஃகுக்கு வர வேண்டிய அரிப்பை அது தன்மேல் வாங்கிக்கொண்டு கரையும். கரைவதற்காகவே வைத்தது. உப்புத் தண்ணீரில் வேகமாகக் கரையும். அது தீர்ந்தபின் எனாமலில் இருக்கும் மயிரிழை விரிசல்கள் வழியே தண்ணீர் எஃகைத் தொட்டுவிடும். பிறகு துருதான், ஓட்டைதான். கம்பியின் விலை கீசர் விலையில் மிகச் சிறிய பங்கு. போர் தண்ணீர் வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றச் சொல்கிறேன். சர்வீஸுக்கு வருபவரிடம் இதை நீங்களே கேட்க வேண்டும். கேட்காமல் பலர் செய்வதில்லை.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தால் ஏற்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. உங்கள் போர் தண்ணீரை ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கடினத்தன்மை அதிகமென்றால் எலிமென்ட்டில் வெள்ளைப் படிவு கெட்டியாக ஏறும். சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமென்ட்டையே சுடும். தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைக்காமல் 60 டிகிரிப் பக்கம் வைத்தால் படிவு குறையும். சூடு ஏற ஏறத்தான் சுண்ணாம்பு பிரிந்து படிகிறது.

கே: பழைய கீசரைக் கழற்றும்போது சுவருக்குள்ளேயே நிப்பிள் முறிந்துவிட்டது. டைல்ஸை உடைக்க வேண்டும் என்கிறார் பிளம்பர். கூலியை ஏற்றுவதற்காகச் சொல்கிறாரா? – மேற்கு மாம்பலம் வாசகர்

ப: இல்லை. பழைய கட்டடங்களில் இது அடிக்கடி நடப்பது. அவர் மேல் சந்தேகப்படாதீர்கள். கீசரை மாட்டி இறக்குவது சுலபம், சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு அங்குலத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது. எந்த வீட்டிலும் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

நடந்தது இதுதான். சுவருக்குள் ஒரு எல்போ. அதில் ஜிஐ நிப்பிளைச் சணலும் பெயின்ட்டும் வைத்து இறுக்கியிருப்பார்கள். வருஷக்கணக்கில் வெந்நீர் ஓடி, மரை இருக்கும் இடத்தில் இரும்பு காகிதம் போல் மெலிந்துவிட்டது. பைப் ரெஞ்ச் போட்டுத் திருகியதும் வெளியே இருக்கும் பகுதி கையோடு வந்துவிட, மரைப் பகுதி எல்போவுக்குள் மாட்டிக்கொண்டது.

உடைக்கும் முன் செய்து பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, எக்ஸ்ட்ராக்டர். கூம்பு வடிவக் கருவி, எதிர்ப்பக்கம் சுழலும் மரை கொண்டது. முறிந்த துண்டுக்குள் நுழைத்து இடப்பக்கம் திருகினால், திருகத் திருக இன்னும் இறுக்கமாகக் கவ்விக்கொண்டு துண்டையும் சேர்த்துத் திருப்பும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் நல்லது. இன்னொன்று பழைய கைவேலை. ஹேக்ஸா பிளேடை மட்டும் கையில் பிடித்து, துண்டின் உட்புறத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு. எல்போவின் மரையைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்பே நிறுத்த வேண்டும். பிறகு நடுவில் உள்ள கீற்றைச் சின்ன உளியால் உள்நோக்கித் தட்டினால் வளையம் சுருங்கிக் கழன்று வரும். பொறுமை உள்ள பிளம்பர் கையில் இது பார்க்கவே அழகான வேலை. உங்கள் பிளம்பர் இதைச் செய்தால் அருகில் நின்று டார்ச் பிடியுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டும் முடியவில்லை, அல்லது திருகும்போது எல்போவே சுவருக்குள் அசைந்துவிட்டது என்றால் டைல்ஸை உடைத்துத்தான் ஆக வேண்டும். அசைந்த எல்போவை அப்படியே விட்டுப் புது நிப்பிளைப் போட்டு மூடினால் இன்று ஒழுகாது. சில மாதம் கழித்துப் பக்கத்து அறைச் சுவரில் பெயின்ட் உப்பும். உடைப்பதாக இருந்தால் முழு டைலாக, கட்டரில் விளிம்பை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். புதிதாகப் போடுவது பித்தளையாக இருக்கட்டும். பூசுவதற்கு முன் தண்ணீரைத் திறந்துவிட்டு ஓர் இரவு அப்படியே விட்டுப் பாருங்கள். கொத்தனார் மறுநாள் வரட்டும்; காத்திருந்தால் நஷ்டமில்லை.

கே: வேலை தொடங்க மெயினை மூடப் போனால் மொட்டைமாடி கேட் வால்வ் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் நிற்கவில்லை. – மதுரை வாசகர்

ப: உள்ளே தண்டும் கதவும் பிரிந்துவிட்டன. இனி அது வால்வ் இல்லை, வெறும் கைப்பிடி. தொட்டியைக் காலி செய்து பித்தளை பால் வால்வ் போடுங்கள்.

அடுக்குமாடி என்றால் அந்த ஒரே லைன் மேலிருந்து கீழ் வரை எல்லா பாத்ரூமுக்கும் போகும். முந்தின நாளே ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் சொல்லுங்கள். வாளியில் தண்ணீர் பிடித்து வையுங்கள் என்பதோடு, கீசரை அணைத்து வையுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். லைன் காலியாகும்போது நான்-ரிட்டர்ன் வால்வ் சரியில்லாத கீசரின் தண்ணீர் வந்த வழியே இறங்கிவிடலாம். தொட்டி காலி, சுவிட்ச் போட்டபடி என்றால் எலிமென்ட் வறண்டு எரியும். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு வாட்ஸாப் தகவல் போதாது. கதவைத் தட்டுங்கள்.

வால்வை மாற்றியபின் மாதம் ஒருமுறை மூடித் திறந்து பழக்கத்தில் வையுங்கள். அசையாத வால்வ் உப்பேறி இறுகிப்போகும்.

கே: புது கீசர் மாட்டியதும் ஆர்சிசிபி டிரிப் ஆகிறது. பழைய கீசரில் இந்தப் பிரச்சினை இல்லை. எலக்ட்ரீசியன் அதை "பைபாஸ்" செய்யலாம் என்கிறார். – சேலம் வாசகி

ப: வேறு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், அம்மா. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவி அது. உங்கள் வீட்டில் ஈரக்கையோடு குழாயைத் தொடும் ஒவ்வொருவரையும் காப்பாற்ற நிற்கிறது. டிரிப் ஆகிறது என்றால் எங்கோ மின்சாரம் தவறான வழியில் போகிறது. கண்டுபிடிக்க வேண்டியது அந்த வழியை.

புது கீசரிலேயே எலிமென்ட் கோளாறு இருக்கலாம். மாட்டும்போது டெர்மினலில் தண்ணீர் பட்டிருக்கலாம். பழைய ஒயர் சுவருக்குள் நைந்திருக்கலாம். பழைய கீசர் எர்த் இணைப்பே இல்லாமல் ஓடியிருந்தால் கசிவு அப்போதும் இருந்திருக்கும், காட்டிக்கொடுக்க வழி இல்லாமல் இருந்திருக்கும். மெகர் வைத்து ஒயரையும் கீசரையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் வெளிச்சம் இதற்குச் சான்றாகாது.

கூடவே பிளக்கையும் பாருங்கள். 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் 13 ஆம்பியர். பெரிய 16 ஆம்பியர் சாக்கெட், தனி ஒயர், தனி எம்சிபி வேண்டும். பிளக் முள் கறுத்திருந்தால் சாக்கெட்டோடு மாற்றுங்கள்.

கே: 15 லிட்டரா, 25 லிட்டரா? – திருச்சி வாசகர்

ப: 60 டிகிரித் தண்ணீர் 15 லிட்டரோடு 27 டிகிரிப் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் குளிக்கும் பதத்தில், 40 டிகிரியில், கணக்குப்படி 38 லிட்டர் கிடைக்கும், கிட்டத்தட்ட இரண்டு வாளி. 25 லிட்டரில் மூன்று வாளி. 2 கிலோவாட்டில் முதலாவது சூடாகச் சுமார் 17 நிமிடம், இரண்டாவது அரை மணி. அடுத்தடுத்து இருவருக்கு மேல் குளிக்கும் வீட்டுக்கு 25 வாங்குங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2082 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரக் குறியீடு, சூடான தண்ணீரை அப்படியே வைத்திருந்தால் எவ்வளவு சூடு வீணாகிறது என்பதைக் காட்டுவது. போட்டு, குளித்து, அணைக்கும் வீட்டுக்கு அதனால் கிடைக்கும் மிச்சம் குறைவு.

கே: கரண்ட் பில்லுக்குப் பயந்து பாத்ரூமில் காஸ் கீசர் வைக்க நினைக்கிறோம். – ஓசூர் வாசகர்

ப: பாத்ரூமுக்குள் வேண்டவே வேண்டாம். எரியும் காஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு மூடிய சின்ன அறையில் மயக்கம் வருவதை உணரும் முன்பே ஆள் விழுந்துவிடுவார். வைத்தே தீர வேண்டுமென்றால் வெளியே திறந்த இடத்தில் வைத்து, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள்.

கே: பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது! – புதுச்சேரி வாசகி

ப: மிக்ஸரைத் திறந்தபடி விட்டு, ஹேண்ட் ஷவரின் கைப்பிடியில் மட்டும் தண்ணீரை நிறுத்துகிறீர்களா? அப்படியானால் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் உள்ளுக்குள் கலக்கின்றன. மிக்ஸரையே மூடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கீசரின் நான்-ரிட்டர்ன் வால்வ் போயிருக்கிறது.

கே: கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம். "உங்க கீசர்தான்" என்கிறார்கள். சண்டையாகிவிட்டது. – வேளச்சேரி வாசகர்

ப: சண்டையை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டுச் சோதனை செய்யுங்கள், அவர்களையும் கூட வைத்துக்கொண்டு. பாத்ரூமுக்கு வரும் தண்ணீரை மூடிவிட்டு ஒரு நாள் குளிக்காமல் விடுங்கள். ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் தண்ணீரைத் திறந்துவிட்டு, யாரும் குளிக்காமல் இருங்கள். ஈரம் கோட்டைத் தாண்டினால் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவு. குளித்தபின் மட்டும் தாண்டினால் தரை ஜாலி, டைல்ஸ் இடுக்கு, கழிவுக் குழாய் – இவற்றில் ஒன்று. கீசருக்கு இதில் பங்கில்லை. காரணம் உங்கள் பக்கம் என்று தெரிந்தால் கீழ்வீட்டு பெயின்ட் செலவையும் நீங்களே முன்வந்து கொடுங்கள். அவர்கள் தலைக்கு மேல்தானே வாழ்கிறோம்.

கே: புது ஃபிளாட்டில் எடை குறைந்த கல் சுவர். 25 லிட்டர் கீசரைத் தாங்குமா? – சிறுசேரி வாசகர்

ப: தண்ணீர் மட்டுமே 25 கிலோ, கீசரின் எடை அதற்கு மேல். சாதாரண ஆங்கர் போல்ட் அந்தக் கல்லைப் பொடித்துக்கொண்டு தளர்ந்துவிடும். சுவரின் மறுபக்கம் வரை போல்ட்டைக் கொண்டுபோய்த் தகடு வைத்து முடுக்குங்கள், அல்லது கெமிக்கல் ஆங்கர் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் கான்கிரீட் தூணோ பீமோ இருந்தால் அதுவே முதல் தேர்வு.

கே: நாளை மறுநாள் பிளம்பர் வருகிறார். நான் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்? – திருநெல்வேலி வாசகி

ப: இதை முன்கூட்டியே கேட்டதற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன்.

இரண்டு புது கனெக்‌ஷன் ஹோஸ். பழையதைத் திரும்ப மாட்ட விடாதீர்கள், ரப்பர் இறுகியிருக்கும். பித்தளை நிப்பிள் இரண்டு, எக்ஸ்டென்ஷன் நிப்பிள் ஒன்று, ஆங்கிள் காக் ஒன்று, டெஃப்லான் டேப். இவற்றின் அளவை பிளம்பரிடம் இன்றே கேட்டு வாங்குங்கள். மிஞ்சினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வெந்நீர் லைனில் வெள்ளை பிவிசி துண்டு ஏதாவது ஒட்டுப்போட்டிருந்தால் க்ரீம் நிற சிபிவிசியாக மாற்றச் சொல்லுங்கள். வெள்ளைக் குழாய் சூட்டில் இளகும். ஒட்டிய இணைப்பு இறுகுவதற்கு டின்னில் போட்டிருக்கும் நேரம் முடியும் வரை தண்ணீர் திறக்க வேண்டாம்.

கூலியை இரண்டாகப் பேசுங்கள்: மாற்றி மாட்ட இவ்வளவு, சுவரைத் திறக்க நேர்ந்தால் இவ்வளவு. முறிந்த நிப்பிளோடு பாதி நாள் மல்லாடியவரிடம் "முதல்ல சொன்ன காசுதான்" என்று நிற்பது நியாயமில்லை.

மாட்டி முடித்ததும் சுவிட்சைத் தொடும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று விட்டு விட்டு வருவது நின்று சீராகத் தண்ணீர் வரும் வரை ஓட விடுங்கள். அப்போதுதான் தொட்டி நிரம்பியது என்று அர்த்தம். துருத் துகள் அடைத்துத் தண்ணீர் மெலிந்தால் குழாய் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள்.

வேலையைக் காலையிலேயே தொடங்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஹார்டுவேர் கடை திறந்திருக்கும் நாளாகப் பாருங்கள்.